நாலாவது நோட்டு

நேற்று ஜாலான் பெண்டஹாராவில் ஒரு துணிக்கடையில் பேத்திக்குப் பாவாடைத் துணி எடுத்தேன். கடைக்காரர் ரசீதை எழுதி, அடியில் இருந்த கார்பன் தாளை உருவி மேசையில் போட்டார். அதை நான் ஏன் எடுத்துப் பார்த்தேன் என்று தெரியவில்லை. பெருவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் நீலம் ஏறிவிட்டது. வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுத் தேய்த்தேன், எலுமிச்சம்பழத் தோலால் தேய்த்தேன். மருமகள் பார்த்துவிட்டு, "என்னா அத்தை, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கையெல்லாம் மை" என்று சிரித்தாள். விரலை மோந்து பார்த்தேன். மெழுகும் மண்ணெண்ணெயும் கலந்த அந்த வாசனை அப்படியே இருந்தது.

நீங்கள் போய் மூன்று வருடமாகிறது. இத்தனை நாளில் உங்களுக்கு எழுத வேண்டும் என்று ஒரு தடவைகூடத் தோன்றியதில்லை. இன்று தோன்றியது. 'அன்புள்ள' என்று ஆரம்பிக்கப் போனேன், கை வரவில்லை. அதனால் சும்மாவே ஆரம்பிக்கிறேன்.

உங்கள் கருமாதியன்று கோயில் கமிட்டிக்காரர் ஒருவர் எழுந்து உங்கள் தமிழ்ப்பற்றைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினார். ரப்பர்க் கிடங்கில் கணக்கெழுதும் கிராணியாக இருந்துகொண்டே தமிழுக்கு உழைத்தவராம் நீங்கள். நான் உள்ளே பெண்களோடு உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். அழுகிறேன் என்று நினைத்து ஒருத்தி முதுகைத் தடவிக் கொடுத்தாள். எனக்கு வந்தது சிரிப்பு. எந்தத் தமிழ் ஐயா என்று எழுந்து கேட்டிருக்க வேண்டும். உங்கள் கதையில் வரும் மரகதத்தின் கொடியிடையைப் பற்றி எழுதினீர்களே, அந்தத் தமிழா?

நம் பிள்ளைகளுக்கு அந்தக் கதை நோட்டுகளைப் பற்றி ஒன்றுமே தெரியாது. அவற்றை எழுதியது நீங்கள் என்று தெரிந்தவர் சிங்காரம் அண்ணன் ஒருவர்தான். அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது இந்த உலகத்தில் அது தெரிந்த ஒரே ஆள் நான்.

கல்யாணமாகி மூன்றாம் வருடம். காஜா பேராங்கில் அந்தப் பலகை வீட்டில் இருந்தோம். பெரியவன் தவழ்ந்துகொண்டிருந்தான். சுதந்திரம் வரப்போகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. நம் வீட்டில் அதைவிடப் பெரிய பேச்சு, மரகதம் கதவைத் திறப்பாளா மாட்டாளா என்பது.

சந்தியில் இருந்த சிங்காரம் அண்ணனின் முடிதிருத்தும் கடையில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆண்கள் வரிசையாகக் காத்திருப்பார்கள். பஸ் கண்டக்டர்கள், நகராட்சி ஆட்கள், தோட்டத்திலிருந்து டவுனுக்கு வந்தவர்கள். அவர்கள் படிப்பதற்கென்று நீங்கள் ஒரு நோட்டில் கதை எழுதிக் கொடுத்தீர்கள். கப்பலில் போன புருஷன் திரும்பாத மரகதம், முப்பது வயது, தனியாக இருக்கிறாள். ஒரு மழை நாளில் சேகரன் வந்து கதவைத் தட்டுகிறான். அங்கே நோட்டு முடிந்துவிட்டது. அடுத்த வாரம் கடையில் ஒரே சண்டையாம். பாதிப் பேர் திறக்க வேண்டும் என்கிறார்கள், பாதிப் பேர் அவள் அப்படிப்பட்டவள் இல்லை என்கிறார்கள். சிங்காரம் அண்ணன்தான் சொல்லியிருக்கிறார், எல்லாவற்றையும் எழுதிவிடுங்கள், யாருக்கு எது வேண்டுமோ எடுத்துப் படிக்கட்டும் என்று.

நல்ல யோசனைதான். அதில் உங்களைக் குறை சொல்ல மாட்டேன். கதவு தட்டுவதோடு நின்ற அந்தத் தொடக்க நோட்டின் கடைசிப் பக்கத்தில் இப்படி எழுதினீர்கள்: கதவைத் திறந்தால் ஒன்றாம் நோட்டைக் கேள். திறக்காவிட்டால் இரண்டாம் நோட்டு. ஜன்னல் வழியாகப் பேசினால் மூன்றாம் நோட்டு. இன்று போய் நாளை வா என்று சொல்லிவிட்டால் நாலாம் நோட்டு.

என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று பெண் பார்க்க வந்தபோதே உங்கள் அம்மாவிடம் சொல்லியிருந்தார்கள். அதற்கு இப்படி ஒரு பயன் வரும் என்று என்னைப் பெற்றவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள். நீங்கள் கிறுக்கிக் கொடுத்ததை நான் மத்தியானம் பெரியவன் தூங்கும்போது, மூன்று தாளுக்கு இடையில் இரண்டு கார்பன் வைத்து, அழுத்தி அழுத்தி எழுதுவேன். அந்த மாதமெல்லாம் சோறு பிசைந்தால் சோற்றிலும் நீலம்.

முதல் நாள் தாளைக் கொடுக்கும்போது நீங்கள் என் முகத்தைப் பார்க்காமல், "படிக்காத, சும்மா பாத்து எழுது" என்றீர்கள். படிக்காமல் எப்படிங்க பார்த்து எழுதுவது? உலகத்தில் எந்தப் புருஷனும் பெண்டாட்டிக்கு இப்படி ஒரு உத்தரவு போட்டிருக்க மாட்டான்.

ஒன்றாம் நோட்டை எழுதும்போது எனக்குக் காது சுட்டது. இரண்டாம் நோட்டில் சூடு ஆறிவிட்டது. மூன்றாம் நோட்டில் கொட்டாவி வந்தது. நாலாவதில் பெரியவன் எழுந்து அழுதான். அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு, உங்கள் தாளைப் பார்க்காமலே அரைப் பக்கம் எழுதினேன். பிறகு ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒரு சொல்கூட மாறவில்லை.

கதவைத் திறந்தாலும் சரி, திறக்காவிட்டாலும் சரி, ஆறாம் பக்கத்தில் இருவரும் பாயில் இருந்தார்கள். நாலு நோட்டிலும் அவள் கொடியிடை துவண்டது, கயல்விழி சொருகியது, அனலில் விழுந்த மெழுகாக உருகினாள். நாலிலும் வெளியே மழை வலுத்தது. நாளை வா என்று சொன்ன நோட்டில்கூட மறுநாளும் அதே மழை. நான் ஒரு தாளில் குறித்து வைத்தேன். கொடியிடை பதினேழு இடத்தில் இருந்தது. அதை உங்களிடம் நீட்டியபோது முகம் சிவந்துவிட்டது உங்களுக்கு.

"இதெல்லாம் இப்படித்தான் எழுதணும். படிக்கிறவனுக்கு அதான் வேணும். ஒனக்கு என்னா தெரியும்?" என்றீர்கள்.

இரண்டு வாரம் கழித்துச் சிங்காரம் அண்ணன் வீட்டுக்கு வந்தார். நான் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போகும்வரை பேசாமல் இருந்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். பலகை வீட்டில் குரலைத் தாழ்த்தி என்ன ஆகப் போகிறது.

"அண்ணே, தப்பா நெனச்சிக்காதீங்க. நாலு நோட்டுலயும் ஒரே இடுப்புதான் வருதுன்னு பயலுவ சிரிக்கிறானுங்க. ஒன்ன படிச்சா போதும், மத்ததெல்லாம் வேஸ்ட்டுங்கிறான்."

அவர் போன பிறகு நீங்கள் நாலு நோட்டையும் கொண்டுவந்து, அரிசி புடைத்துக்கொண்டிருந்த என் முன்னால் போட்டீர்கள். "நீதான் பெரிய இவளாச்சே. நீயே எழுது."

கோபத்தில்தான் சொன்னீர்கள். நான் நிஜமாகவே எழுதிவிட்டேன்.

இதை யாரிடமும் சொன்னதில்லை, உங்களிடமும் சொன்னதில்லை. என் வாழ்க்கையில் மிகவும் சந்தோஷமாக இருந்த ஒரு மாதம் அதுதான். நான் முதலில் செய்த வேலை, மரகதத்தின் உடம்பை மறந்தது. அவள் எப்படி இருப்பாள் என்றுதான் தொடக்க நோட்டிலேயே சொல்லியாகிவிட்டதே. படிப்பவனுக்குத் தெரிந்ததை மறுபடி எதற்குச் சொல்ல வேண்டும்? ஒவ்வொரு நோட்டிலும் அவள் வேறு ஒன்றை முடிவு செய்திருக்கிறாள். அப்படியானால் ஒவ்வொன்றிலும் அவள் வேறு மனநிலையில் இருக்கும் பெண். கோபமாகத் திறந்தவளின் கையும், யோசித்து நாளை வா என்றவளின் கையும் ஒரே மாதிரியா தொடும்? அதோடு, ஒரு நோட்டில் கை பேசிவிட்டால் அடுத்ததில் கை சும்மா இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டேன். ஒன்றுக்குச் சத்தம், ஒன்றுக்குக் குரல், ஒன்றுக்கு வாசனை.

கதவைத் திறந்த நோட்டில் முழுக்கச் சண்டை. இவ்வளவு நாள் எங்கே போனாய் என்று கேட்கிறாள். தகரக் கூரையில் மழை இரைவதால் பேசினால் கேட்கவில்லை. காதருகே வந்துதான் பேச வேண்டியிருக்கிறது. அவ்வளவு போதும், மற்றதைப் படிப்பவன் பார்த்துக்கொள்வான்.

திறக்காத நோட்டில் நீங்கள் சேகரனைக் கதவை உடைத்துக்கொண்டு வரவைத்திருந்தீர்கள். அதைப் படித்தபோதே எனக்கு ஆத்திரமாக வந்தது. அவள் திறக்கக் கூடாது என்றுதானே அந்த நோட்டை எடுத்தான் படிப்பவன்? அவள் வேண்டாம் என்று சொன்ன பிறகும் அதே பாய் என்றால், கேட்டது எதற்கு? நான் கதவை உடைக்கவில்லை. உள்ளே அவளும் வெளியே அவனும் கதவில் முதுகைச் சாய்த்துப் பேசிக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் அவளாகவே எழுந்து தாழ்ப்பாளில் கை வைத்தாள். அங்கே முடித்தேன்.

ஜன்னல் நோட்டில் கம்பிகளுக்கு நடுவே அவன் சட்டையில் ரப்பர்ப் புகை வாசனை மட்டும். அதற்கு நான் யாரையும் தேட வேண்டியிருக்கவில்லை. உங்கள் சட்டையைத்தான் தினமும் துவைத்தேனே.

நாலாவது நோட்டுக்கு வருகிறேன்.

அடுத்த வீட்டு லெட்சுமியை உங்களுக்கு ஞாபகமில்லாமல் இருக்காது. செட்டி வீட்டுப் பெண், பல தலைமுறையாக இங்கேயே இருந்து வீட்டிலும் மலாய் பேசுகிறவர்கள். கெபாயாச் சட்டையும் சாரோங் கைலியும் கட்டிக்கொண்டு, நெற்றியில் திருநீறோடு வேலிக்கு அந்தப் பக்கம் நிற்பாள். அவளுக்குத் தமிழ் வராது, எனக்கு மலாய் வராது. ஆனாலும் செம்பருத்தி வேலிக்கு மேலே கிண்ணம் மாற்றி மாற்றி, இரண்டு வருடத்தில் பாதி அவள் பேச்சு, பாதி என் பேச்சு என்று ஒரு பேச்சு உண்டாகிவிட்டது. இந்த ஊரில் எனக்கென்று இருந்த ஒரே சிநேகிதி அவள்தான். அவள் புருஷன் நில ஆபீசில் வேலை. நெட்டையாக, அதிகம் பேசாதவர். என்னிடம் சாப்பிட்டாச்சா என்பதைத் தவிர வேறு ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஒரு நாள் காலை அவர்கள் இருவரும் ஜாலான் துக்காங் எமாஸ் பிள்ளையார் கோயிலுக்குப் போய்விட்டுக் குறுக்கு வழியாகப் புல்வெளியில் நடந்து வந்தார்கள். லெட்சுமியின் சாரோங் ஓரமெல்லாம் அந்த ஒட்டுப்புல்லின் விதை. வாசலில் அவளை நிறுத்தி, அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டார். விழாமல் இருக்க அவள் அவர் தலையில் கை வைத்திருந்தாள். இருவரும் மீனைப் பற்றியோ என்னவோ பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக்கூட இல்லை. நான் துணி உலர்த்துவதை விட்டுவிட்டு நின்றேன்.

அதை எழுதினேன். மறுநாள் சேகரன் வருகிறான், மழையில்லை, நல்ல வெயில். இருவரும் ஆற்றுப் பக்கம் நடந்துவிட்டுத் திரும்புகிறார்கள். மரகதத்தின் புடவை ஓரத்தில் புல்விதை. அவன் படியில் உட்கார்ந்து பிடுங்க ஆரம்பிக்கிறான். ஊர்க்கதை பேசிக்கொண்டே பிடுங்குகிறான். கடைசி விதை எங்கே இருந்தது என்பதோடு கதை முடிந்துவிடும்.

அந்த நோட்டைத்தான் எல்லோரும் கேட்டார்கள். தண்ணீர் வண்டி ஓட்டிய ஒருவர் திருப்பித் தரவே மறுத்துவிட்டாராம். திறந்த கட்சிக்காரர்களும் திறக்காத கட்சிக்காரர்களும் நாலாம் நோட்டுக்கு வரிசையில் நின்றார்களாம். சிங்காரம் அண்ணன் வந்து, உங்கள் கை திருந்திவிட்டது அண்ணே என்றார். நீங்கள் தொண்டையைச் செருமிக்கொண்டு, கொஞ்சம் யோசித்து எழுதினேன் என்றீர்கள். அதுகூட எனக்கு வலிக்கவில்லை. பெருமையாகத்தான் இருந்தது. நல்லா எழுதியிருக்கே என்று நீங்கள் உள்ளே வந்து ஒரு வார்த்தை சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை.

சொல்லாதது பரவாயில்லை. அன்றிலிருந்து ஒரு மாதிரி பார்க்க ஆரம்பித்தீர்கள். சோறு போடும்போது, பிள்ளையைக் குளிப்பாட்டும்போது, என்னை யாரோ மாதிரி பார்த்தீர்கள். உங்களுக்கு என் எழுத்து பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். என்ன முட்டாள் நான்.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். நீங்கள் வாசலில் நாற்காலி போட்டுப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தீர்கள். திடீரென்று எழுந்து உள்ளே வந்தீர்கள். முகத்தில் ரத்தமே இல்லை. லெட்சுமியும் அவள் புருஷனும் அப்போதுதான் கோயிலிலிருந்து வந்திருக்கிறார்கள். வாசலில் அவர் குனிந்து விதை எடுப்பதை நீங்கள் பார்த்துவிட்டீர்கள்.

"அவன்தானா?" என்று கேட்டீர்கள்.

எவன் என்று கேட்டேன்.

"நாலாவது நோட்டுல வர்றவன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்புத்தான் நான் செய்த பெரிய தப்பு. பிடிபட்டவள் சிரித்து மழுப்புகிறாள் என்று எடுத்துக்கொண்டீர்கள். நான் ஒன்றையும் மறைக்கவில்லை. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன், அவர் பெண்டாட்டிக்கு அவர் செய்தார், அதை எழுதினேன் என்று சொன்னேன். நீங்கள் தலையை ஆட்டினீர்கள். மெதுவாகத்தான் பேசினீர்கள். கத்தியிருந்தால்கூட ஆறியிருக்கும்.

"பாத்து எழுதுனது மாதிரி இல்ல. பட்டு எழுதுனது மாதிரி இருக்கு."

என் எழுத்தைப் பற்றி நீங்கள் சொன்ன ஒரே வார்த்தை அதுதான். அதைவிட நல்ல பாராட்டு எந்த எழுத்துக்காரனுக்கும் கிடைக்காது. அதைவிடக் கேவலமாக ஒரு பெண்டாட்டியை யாரும் திட்டவும் முடியாது. இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னீர்கள்.

நானும் விடவில்லை. நீங்கள் மரகதத்துக்கு முன்னால் அரண்மனை நாட்டியக்காரிக் கதை எழுதினீர்களே, எந்த அரண்மனைக்குப் போனீர்கள் என்று கேட்டேன். ஜமீன்தாரின் மூன்று பெண்டாட்டிகளைப் பற்றி எழுதினீர்களே, அவர்கள் எந்தத் தெருவில் இருக்கிறார்கள் என்று கேட்டேன். "நான் ஆம்பள. எனக்குக் கற்பன இருக்கு," என்றீர்கள். தேங்காய்த் துருவல் தரையெல்லாம் கொட்டிக் கிடந்தது. அதை அள்ளிக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் செம்பருத்தி வேலி ஓரமாகத் தகரம் அடித்தீர்கள், ஆள் உயரத்துக்கு. நாலாவது நோட்டைக் கடையிலிருந்து திரும்ப வாங்கி, நீங்களே புதிதாக ஒன்று எழுதிக் கொடுத்தீர்கள். கொடியிடை திரும்பி வந்தது. சிங்காரம் அண்ணன், பழையபடி ஆகிவிட்டதே என்று வருத்தப்பட்டாராம். கொஞ்ச நாளில் யாரும் கேட்பதில்லை என்று எல்லாமே நின்றுபோனது.

சுதந்திரக் கொடி ஏற்றிய அன்று காலை தெருவே புறப்பட்டுத் திடலுக்குப் போனது. பெரியவனுக்கு நான் புதுச் சட்டை போட்டு, காகிதக் கொடி கையில் கொடுத்து வைத்திருந்தேன். தகரத்துக்கு அந்தப் பக்கமிருந்து லெட்சுமி, "காக், மாரி லா" என்று கூப்பிட்டாள். அக்கா, வாங்க என்று. இரண்டு தடவை கூப்பிட்டாள். நீங்கள் பிள்ளையை மட்டும் தோளில் தூக்கிக்கொண்டு, வெளியே போகாதே என்று கண்ணால் சொல்லிவிட்டுப் போனீர்கள். நான் குரல் கொடுக்கவில்லை. வீட்டில் இல்லை என்று நினைத்துக்கொண்டு அவள் போய்விட்டாள். எல்லோரும் கத்திய சத்தம் அவ்வளவு தூரம் கேட்காது. ஆனால் எனக்குக் கேட்டது போலத்தான் இருந்தது.

அந்த வருடக் கடைசியில் புக்கிட் காதிலுக்கு வீடு மாற்றினீர்கள். அப்போது அங்கே ரப்பர் மரமும் நாலைந்து வீடும்தான். சாமான் ஏற்றிய அன்று லெட்சுமி வாசலுக்கே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, நான் என்ன தப்புச் செய்தேன் என்று மலாயில் கேட்டாள். பதில் சொல்லும் அளவுக்கு எனக்கு மலாய் வரவில்லை. தமிழிலும் வந்திருக்காது. அவள் வீட்டு வாசலில் நடந்ததை அவளைக் கேட்காமல் எடுத்து எழுதியவள் நான். அந்தக் குற்றம் எனக்கு இருக்கிறது. அதற்கு மன்னிப்புக் கேட்கவும் முடியாமல் போனது.

அதன் பிறகு நான் ஒரு வரி எழுதவில்லை. எழுதத் தோன்றாமல் இல்லை. காய்கறி வாங்கப் பஸ்ஸில் பாசாருக்குப் போகும்போது, துணி மடிக்கும்போது வாக்கியம் வரும். யாரோடு என்று நீங்கள் கேட்பீர்கள் என்ற நினைப்பும் கூடவே வரும். வந்த வாக்கியம் அப்படியே போய்விடும்.

நியாயமாகச் சொல்ல வேண்டும். நீங்கள் குடித்ததில்லை, அடித்ததில்லை. பிள்ளைகளைப் படிக்க வைத்தீர்கள். எனக்குக் காய்ச்சல் என்றால் நீங்களே கஞ்சி வைத்தீர்கள். ஆனால் வருடத்துக்கு இரண்டு தடவையாவது கேட்டீர்கள். தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே கேட்டீர்கள். பெரியவன் கல்யாணத்தன்று, சம்பந்தி வீட்டார் காரில் வந்து இறங்கிக்கொண்டிருந்தபோது, காதருகே குனிந்து கேட்டீர்கள். நான் ஒவ்வொரு தடவையும், யாருமில்லை என்றேன். முப்பத்தெட்டு வருடம் அதே வார்த்தை. திரும்பத் திரும்ப ஒன்றையே சொல்கிறீர்களே என்று உங்களை நையாண்டி செய்தவள் நான். எனக்கு அதை வேறு மாதிரிச் சொல்ல வழி தெரியவில்லை. உண்மை அவ்வளவுதான் இருந்தது.

ஒரு தடவை உங்கள் தம்பி வீட்டுச் சாவுக்குப் போய்விட்டுச் சுடுகாட்டுப் பக்கமாக நடந்து வந்தோம். என் புடவை ஓரமெல்லாம் அந்த விதை. வாசலில் நின்று நீங்கள் அதைப் பார்த்தீர்கள். நானும் நீங்கள் பார்ப்பதைப் பார்த்தேன். வீட்டில் யாருமில்லை. ஒரு நிமிடம் இருக்கும், அதற்கு மேலேயே இருக்கும். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விட்டீர்கள். குனிந்து ஒன்றே ஒன்று எடுத்திருந்தால், நான் எல்லாவற்றையும் மறந்திருப்பேன். சத்தியமாக மறந்திருப்பேன்.

கடைசியாக ஆஸ்பத்திரி. மத்தியானம் பார்க்க விடும் நேரம். பெரியவன் காரை நிறுத்தப் போயிருந்தான். நான் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தேன். நீங்கள் கண்ணைத் திறந்து, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்துவிட்டு, "நான் போயிடுவேன். இப்பவாச்சும் சொல்லு. யாரு?" என்றீர்கள்.

சாகப் போகிற மனிதன் வேறு என்னவெல்லாம் கேட்கலாம். பேத்தியைப் பற்றிக் கேட்கலாம். என்னை மன்னித்துவிடு என்று கேட்கலாம். நீ எப்படி இருக்கப் போகிறாய் என்று கேட்கலாம். எனக்குள் ஏதோ அறுந்துவிட்டது. வழக்கமான வார்த்தை வாய் வரைக்கும் வந்தது. அதை விழுங்கினேன்.

"லெட்சுமி வீட்டுக்காரர் இல்ல. அவர் மேல பழி போடாதீங்க. வேற ஒருத்தர்," என்றேன்.

பிறகு சொன்னேன். மூவாரிலிருந்து லாரி ஓட்டிக்கொண்டு வருபவர் என்றேன். இடது கைப் பெருவிரலில் நகம் கிடையாது, சிரித்தால் வாயைக் கையால் மறைத்துக்கொள்வார் என்றேன். பாசாருக்குப் போகும் வழியில் மூன்று தடவை சந்தித்தேன் என்றேன். முதல் தடவை அவர் பேசவே இல்லை, லாரியின் என்ஜினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். இரண்டாவது தடவை என் கூடையை வாங்கிக்கொண்டார், அதில் இருந்த கத்தரிக்காய் ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். மூன்றாவது தடவை நடந்ததை இங்கே எழுத மாட்டேன். உங்களிடம் சொன்னேன், போதும். ஒன்றில் சொன்னதை இன்னொன்றில் சொல்லவில்லை. அந்த நோட்டுகளுக்குப் பிறகு நான் உண்டாக்கிய முதல் கதை அது. அவ்வளவு வருடம் கழித்தும் வாக்கியங்கள் கேட்டவுடன் வந்து நின்றன.

உங்களுக்கு நோக வேண்டும் என்றுதான் சொன்னேன். இதில் பூசி மெழுக ஒன்றுமில்லை. கண் மூடும்போது நெஞ்சில் முள்ளோடு போகட்டும் என்றுதான் சொன்னேன்.

நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டீர்கள், யாரோ கதை வாசிக்கக் கேட்கிற மாதிரி. முடித்ததும் நீளமாக மூச்சு விட்டீர்கள். "எனக்குத் தெரியும். அப்பவே தெரியும்," என்றீர்கள். கை நீட்டி என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். கஞ்சி முழுவதையும் குடித்தீர்கள். பெரியவன் வந்து பார்த்துவிட்டு, அப்பா இன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டிருக்கிறார் என்று சந்தோஷப்பட்டான். அன்று மத்தியானம் பிள்ளை மாதிரி தூங்கினீர்கள். மூன்றாம் நாள் போய்விட்டீர்கள்.

இப்போது அந்த லாரிக்காரரோடு நான்தான் குடித்தனம் நடத்துகிறேன். எனக்கு அவர் யார் என்றே தெரியாது. தினமும் ஒரு தடவையாவது வந்து நிற்கிறார். பெருவிரலில் நகமில்லாமல், ஒன்றும் பேசாமல். இவரை விரட்ட எனக்குத் தெரியவில்லை.

உங்களோடு நாற்பத்தோரு வருடம் வாழ்ந்தேன். அதில் ஒரே ஒரு நாள்தான் நான் சொன்னதை நம்பினீர்கள். அன்றைக்குப் பார்த்து நான் பொய் சொன்னேன்.